படித்திருக்கிறீர்களா என்கிற கேள்வி

போன வருஷம் ஒரு பையன் என்னைத் தேடி வந்தான். கல்லூரியில் இரண்டாம் வருஷம், வணிகவியல். 'அண்ணே, அடுத்து என்ன படிக்கலாம், சொல்லுங்க' என்றான். இதுவரை என்னென்ன படித்திருக்கிறான் என்று விசாரித்தேன். ராஜேஷ்குமார் நாற்பது ஐம்பது, அம்மா வாங்கி வைத்திருக்கிற ரமணிசந்திரன், பாட்டிக்கு வாசித்துக் காட்டிய பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையும் அல்லி அரசாணி மாலையும், பொன்னியின் செல்வன் இரண்டு தடவை, பரணில் கிடந்த ஒரு ஜோதிட நூல். சொல்லச் சொல்ல அவனுக்கு உற்சாகம் கூடிக்கொண்டே போனது. முழுக்கக் கேட்டுவிட்டு, 'அதெல்லாம் சரிப்பா, புதுமைப்பித்தன் படிச்சிருக்கியா? மௌனி? ப. சிங்காரம்?' என்றேன். பத்துப் பெயர்களை எழுதியும் கொடுத்தேன். தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு போனவன் அப்புறம் வரவில்லை.

அவன் போய்ச் சில நாள் கழித்துத்தான் உறைத்தது, நான் கேட்ட கேள்வி என்னுடையதல்ல என்று. அதற்குத் தேதி இருக்கிறது, ஊர் இருக்கிறது. 1880 அக்டோபர் 21, கும்பகோணம். கேட்டவர் சேலம் இராமசுவாமி முதலியார், அவ்வூருக்கு முனிசீப்பாக வந்து சேர்ந்திருந்தவர். கேட்கப்பட்டவர் உ.வே. சாமிநாதையர், இருபத்தைந்து வயது, அந்த வருஷம்தான் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானவர். தமிழ் படித்த யாருக்கும் இந்தக் காட்சி மனப்பாடம். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, ஐயர் அந்தாதிகளில் தொடங்கி பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். எதற்கும் முதலியார் முகத்தில் மாற்றமில்லை. கம்பராமாயணம் வரை போயும் அவ்வளவுதானா என்கிற தோரணைதான். கடைசியில் இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டுச் சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை எனப் பெயர் சொல்கிறார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை. பிறகு முதலியார் சிந்தாமணிப் பிரதி ஒன்றைக் கொடுத்ததும், 1887இல் அது அச்சேறியதும், 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை என்று வரிசையாக வந்ததும் நாம் அறிந்த கதை.

இந்தக் கதையை நாம் எப்போதும் கண்டெடுப்பின் கதையாகவே சொல்லி வந்திருக்கிறோம். வகுப்பறையில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள்; நானும் அப்படித்தான் பரீட்சை எழுதினேன். ஆனால் அதே காட்சியை வாசிப்பின் வரலாறாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. அன்றைக்கு ஐயருக்கு மூன்று நூல்களின் பெயர் கிடைத்தது மட்டுமல்ல, அதுவரை அவர் படித்திருந்த அத்தனை வகைகளும் ஒரே சாயங்காலத்தில் மதிப்பிழந்தன. அந்தாதி, கலம்பகம், உலா, தூது, கோவை எல்லாம் சேர்ந்து 'பிற்கால நூல்கள்' என்கிற ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டன. அந்த மூட்டை இன்னும் அவிழவில்லை. என் முதுகலைப் பாடத்திட்டத்தில் சிற்றிலக்கியத்துக்கு ஒரு தாள் இருந்தது. நடத்தியவரும் அலுப்போடு நடத்தினார், நாங்களும் அலுப்போடு கேட்டோம்.

முதலியாருக்கு முந்திய ஒழுங்கில் 'அடுத்து என்ன' என்கிற கேள்வியே எழ வாய்ப்பில்லை. ஏணி தயாராக இருந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், நிகண்டு, பிறகு அந்தாதி; அந்தாதியிலும் யமகம், திரிபு என்று கடினத்துக்குத் தக்க படிகள். எந்தப் படியில் எப்போது கால் வைப்பது என்பதை ஆசிரியர் தீர்மானிப்பார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் ஐயர் படித்தது இப்படித்தான். ஒரு அந்தாதி முடிந்தால் இன்னொரு அந்தாதி, ஒரு பிள்ளைத்தமிழ் முடிந்தால் இன்னொரு பிள்ளைத்தமிழ். வகை என்பது அங்கே புத்தக அலமாரியின் சீட்டு அல்ல, பயிற்சியின் பெயர். படித்தவன் அதே வகையில் ஒரு செய்யுள் கட்டியாக வேண்டும். வாசகன் என்று தனியாக ஒருத்தன் அங்கே கிடையாது.

இதைச் சொல்லும்போது ஏக்கப் பெருமூச்சு விடுகிற ஆபத்து இருக்கிறது, ஆகவே உடனே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கலம்பகத்துக்குப் பாட்டியல்கள் விதித்த கணக்கைப் பாருங்கள்: தேவர்க்கு 100 பாட்டு, அந்தணர்க்கு 95, அரசர்க்கு 90, அமைச்சர்க்கு 70, வணிகர்க்கு 50, வேளாளர்க்கு 30. அதற்குக் கீழே கணக்கே இல்லை. சாதி இங்கே இலக்கியத்தின் உள்ளடக்கமாக வரவில்லை, இலக்கிய வகையின் நீளமாகவே வந்திருக்கிறது. ஃபூக்கோ போர்ஹேசின் சீனக் கலைக்களஞ்சியத்தைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பிலிருந்து ஒரு புத்தகமே பிறந்தது என்று நம் கோட்பாட்டு நண்பர்கள் திரும்பத் திரும்ப எழுதிவிட்டார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். 96 வகைப் பிரபந்தம் என்று பட்டியல் போட்ட சதுரகராதியைத் திறந்தால் போதும். பாட்டின் எண்ணிக்கையால் ஒரு வகை, பாடுபொருளால் ஒரு வகை, யாப்பால் ஒரு வகை என்று எல்லாம் ஒரே வரிசையில் நிற்கும். சிரிக்கலாம்தான். ஆனால் அந்த ஏணியில் கால் வைக்கவே அனுமதிக்கப்படாதவர்களுக்கு அது சிரிப்பாக இருந்திருக்காது.

சரி, முதலியார் சுட்டிய நூல்கள் தொலைந்துதான் போயிருந்தனவா? சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தை பவர் பாதிரியார் 1868லேயே அச்சிட்டுவிட்டார். இன்னும் முக்கியமானது கும்பகோணத்துச் சமணர்கள். சிந்தாமணிச் சந்தேகங்களோடு ஐயர் ஒரு சமணர் வீட்டுக்குப் போகிறார். வாசலில் தோரணமும் கோலமும். வீட்டில் விசேஷமா என்று கேட்டால், சிந்தாமணி வாசித்துப் பூர்த்தியான நாள் என்கிறார்கள். சில தெருக்கள் தள்ளி ஒரு சமூகம் அந்த நூலைக் கூட்டாக வாசித்து, முடித்து, கொண்டாடிக்கொண்டிருக்கிறது. சைவ மடத்தின் ஏணியில் அந்த நூல் இல்லை. எனவே 'தமிழில்' இல்லை. கதையின் இந்தப் பகுதியை ஐயரே தம் சரித்திரத்தில் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் அதை அடிக்குறிப்பாக்கி விட்டோம். அந்த வீட்டில் சிந்தாமணியை யாரும் காப்பியம் என்கிற வகைக்காக எடுத்திருக்க மாட்டார்கள். அது பாராயணம். அதே பிரதி 1887க்குப் பிறகு ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றாகப் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தபோது, அந்த வாசகர்களை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் நுழைந்தது.

கும்பகோணத்துச் சந்திப்புக்கு ஒரு வருஷம் முன்பு, 1879இல், இன்னொரு முனிசீப்பு ஒரு காரியம் செய்தார். மாயூரத்தில் முனிசீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். ஒருவர் புதிய வசனத்தை நோக்கிக் கையைக் காட்டுகிறார். மற்றவர் பழைய காப்பியத்தை நோக்கி. திசைகள் எதிரெதிர், ஆனால் இருவரும் புறமுதுகு காட்டியது ஒன்றுக்குத்தான்: நடுவில் கிடந்த பிரபந்தங்களுக்கு. இதில் வேடிக்கை என்னவென்றால், வேதநாயகம் பிள்ளையே ஒரு கோவைக்குப் பாட்டுடைத் தலைவர். மகாவித்துவான் அவர்மேல் பாடியதுதான் குளத்தூர்க் கோவை. ஒரு சைவப் புலவர் ஒரு கிறிஸ்தவ அதிகாரியைக் கோவைக்குள் வைத்துப் பாடுகிறார்; அந்த அதிகாரி வெளியே வந்து நாவல் எழுதுகிறார். நாவலின் தோற்றம் பற்றி எழுதுகிறவர்கள் இந்தக் கோவையைச் சும்மா ஒரு தகவலாகத் தாண்டிப் போவது எனக்கு ஆச்சரியம்.

இதற்கிடையில் சர்க்கார் வேறொரு வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்திருந்தது. 1865இல் ஜான் மர்டாக் அச்சான தமிழ் நூல்களுக்கு வகைப்படுத்திய அட்டவணை போட்டார். ஊர்க்காரன் எதைப் படிக்கிறான் என்று மிஷனுக்குத் தெரிந்தாக வேண்டும். 1867ஆம் ஆண்டின் அச்சகம், நூல் பதிவுச் சட்டம் வந்த பிறகு ஒவ்வொரு நூலும் காலாண்டுப் பட்டியலில் ஏறியது. கவிதை, நாடகம், புனைகதை, மதம், சட்டம், பலவகை என்பனபோன்ற தலைப்புகள். உலாவும் தூதும் அம்மானையும் 'கவிதை'க்குள்ளோ 'மத'த்துக்குள்ளோ தள்ளப்பட்டன. குமாஸ்தாவின் பேனா எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம். இன்று புத்தகக் கடைகளில் தொங்குகிற 'கவிதை', 'நாவல்', 'ஆன்மீகம்' பலகைகளுக்குப் பின்னால் அந்தக் குமாஸ்தா உட்கார்ந்திருக்கிறார்.

1910களிலும் 20களிலும் ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே.ஆர். ரங்கராஜு ஆகியோரின் நாவல்கள் விற்றுத் தள்ளின. பெண்கள் நாவல் படித்துக் கெட்டுப்போகிறார்கள் என்று ஆண்கள் கவலைப்பட்டார்கள். 1925 முதல் ஜகன்மோகினியை நடத்திய வை.மு. கோதைநாயகியோ ஒரு பெண்ணாக இருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாவல்களை எழுதிப் போட்டார். மணிக்கொடி 1933இல் வந்தது. அங்கிருந்து தொடங்கிய தரப் பிரிவினையின் உச்சம் க.நா.சு. 1950களில் அவர் எழுதிய நூல் அறிமுகங்கள் புத்தகமானபோது அதற்குப் 'படித்திருக்கிறீர்களா?' என்று தலைப்பிட்டார். முதலியாரின் கேள்வி அப்படியே புத்தக அட்டையில் ஏறிவிட்டது!

க.நா.சு.வைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பட்டியல் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் எங்கே போயிருப்போம்? வாரப் பத்திரிகைகளின் சத்தத்துக்கு நடுவே இந்தப் பத்துப் பேரைப் படி என்று சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஹாம்சனின் நிலவளத்தைத் தமிழாக்கித் தந்தவரும் அவர்தான். பட்டியல் போடுவது அவருக்கு ஒரு போர்முறை. போர் முடிந்து பல காலமாகியும் ஆயுதத்தை நாங்கள் கீழே வைக்கவில்லை என்பதுதான் பிரச்சினை. அவருக்கு அது தம் வாசிப்பின் விளைவு, எங்களுக்கு அது வாசிப்புக்குப் பதிலி. கோதைநாயகியை ஒரு பக்கம்கூடப் படிக்காமல் நான் இருபத்திரண்டு வயதிலேயே நிராகரித்தேன். யார் சார்பில் நிராகரித்தேன் என்று இப்போது யோசிக்கிறேன்.

பட்டியலுக்கு எதிரே ஓர் அலமாரி உண்டு. அதைச் செய்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931இல் அவர் வகுத்த நூலகவியல் விதிகள் ஐந்தில் இரண்டு வாசகனையும் நூலையும் ஒருவரிடம் ஒருவர் கொண்டு சேர்ப்பது பற்றியவை. 1933இல் வந்த அவருடைய கோலன் பகுப்பில் இலக்கியத்துக்கு மொழி எண், வடிவ எண், அதற்கப்புறம் ஆசிரியர் பிறந்த வருஷம். தமிழுக்கு 31, புனைகதைக்கு 3. இந்தப் பகுப்பை அப்படியே கடைப்பிடித்துத் தமிழ்ப் புனைகதையை அடுக்கினால் என்ன ஆகும்? 1899இல் பிறந்த கல்கி, அடுத்து 1900 ந. பிச்சமூர்த்தி, 1901 வை.மு. கோதைநாயகி, 1902 கு.ப.ரா., 1906 புதுமைப்பித்தன், 1907 மௌனி. எல்லாரும் ஒரே பலகையில் தோளோடு தோள். எந்த விமர்சகனும் இப்படி ஒரு வரிசை போடத் துணிய மாட்டான். கல்கியைத் திருப்பி வைத்த கை தற்செயலாகப் பிச்சமூர்த்தியை எடுக்கும். கு.ப.ரா.வைத் தேடிய கை கோதைநாயகியில் படும். சிறுவயதில் கிளை நூலகத்தில் எனக்கு நேர்ந்த நல்லவை எல்லாம் இப்படிக் கை தவறி நேர்ந்தவைதான். அங்கே எந்தப் பகுப்பும் கிடையாது, எல்லாம் குலைந்து கிடந்தது என்பது வேறு விஷயம்.

ஆனாலும் அந்த அலமாரியிலும் ஓட்டை இருக்கிறது. ஆசிரியர் பிறந்த வருஷம் தெரியாத நூலை எங்கே வைப்பது? அல்லி அரசாணி மாலை புகழேந்திப் புலவர் பெயரில் அச்சாகி வந்திருக்கிறது; நளவெண்பாப் புகழேந்தியை அதற்குப் பிறப்புச் சான்றிதழ் தரச் சொல்ல முடியுமா? விக்கிரமாதித்தன் கதைக்கு யார் அப்பன்? வருஷம் இல்லாதவை, ஆசிரியன் இல்லாதவை, உரக்க வாசிக்கப்பட்டவை, பாட்டிகள் கேட்டவை. முதலியாரின் கேள்விக்கும், சர்க்கார் தலைப்புக்கும், க.நா.சு.வின் பட்டியலுக்கும், ரங்கநாதனின் எண்ணுக்கும் ஒருசேர வெளியே நிற்பது இந்தப் பெரிய எழுத்துதான். என் மாணவத் தம்பியின் வாசிப்பு தொடங்கியதோ சரியாக அங்கேதான்.

ஐயர் விஷயத்தில் நாம் சொல்லாமல் விடுகிற பிற்பாதி ஒன்று உண்டு. காப்பியங்களும் சங்க நூல்களும் வந்து முடிந்த பிறகு, எழுபது தாண்டிய வயதில், அவர் தமிழ்விடு தூதும் உலாக்களும் கோவைகளும் தேடிப் பதிப்பிக்கிறார். தமிழ்விடு தூது 1930. 1933இலும் 34இலும் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சரித்திரம் இரண்டு பாகம். முதலியார் ஒதுக்கிய அந்த ஏணியின் ஒவ்வொரு படியையும் அதில் தொட்டுத் தொட்டு எழுதுகிறார். 1940 முதல் சாகும்வரை தன் சரித்திரத்தை எழுதியதோ ஆனந்த விகடனில், தொடர்கதைகளுக்குப் பக்கத்தில். முதலியார் உயிரோடு இருந்திருந்தால் அந்த வாரப் பத்திரிகையை வாங்கியிருப்பாரா?

பையனைப் போன மாதம் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பட்டியல் எங்கேயோ தொலைந்துவிட்டதாம், சொல்லிக்கொண்டே நெளிந்தான். பரவாயில்லை என்றேன். விக்கிரமாதித்தன் கதையை நான் முழுதாகப் படித்ததில்லை, பாட்டி புத்தகத்தைக் கொஞ்ச நாள் தர முடியுமா என்று கேட்டேன். 'அட்டை போயிருச்சுண்ணே, முதல் பத்துப் பக்கமும் இருக்காது. அதை நானே சொல்றேன்' என்றான். அவன் பேருந்து வருவதற்குள் பாதிதான் சொல்ல முடிந்தது.