மைலோமா சிகிச்சையில் கீமோதெரபியும் ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சையும்: சென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

மல்டிபிள் மைலோமா என்பது, எலும்பு மஜ்ஜையில் நோய் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் கட்டுமீறிப் பெருகி, எலும்பை அரித்து, இரத்தச் சோகையையும் சிறுநீரகச் செயலிழப்பையும் உண்டாக்கும் புற்றுநோயாகும். இதற்குக் கீமோதெரபி மேலானதா, ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை மேலானதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. ஆயினும் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவது பொருத்தமன்று. மாற்றுச் சிகிச்சையிலும் நோயைத் தாக்குவது மெல்ஃபலான் என்ற கீமோ மருந்தே ஆகும். முன்கூட்டியே சேகரித்து வைக்கப்படும் நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்கள், அம்மருந்தால் அழியும் மஜ்ஜையை மீண்டும் முளைக்கச் செய்வதற்காகவே திரும்பச் செலுத்தப்படுகின்றன.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு காந்தி நகரில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் நிறுவனம் செயல்படத் தொடங்கியபோது, உலகில் எங்குமே மைலோமாவுக்கு நம்பத்தக்க மருந்து இருக்கவில்லை. அக்காலத்தில் வழங்கப்பட்டுவந்த யூரிதேன் என்ற மருந்தின் பயனின்மை 1966இல் வெளியான ஓர் ஒப்பீட்டாய்வில் அம்பலமானது: செர்ரி, கோலா சுவையூட்டிய வெறும் பாகை அருந்தியவர்கள், அம்மருந்தை உட்கொண்டவர்களைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தனர். லண்டனில் 1950களில் உருவாக்கப்பட்ட மெல்ஃபலானுடன் பிரெட்னிசோன் என்ற ஸ்டீராய்டைச் சேர்த்துத் தரும் முறையை அமெரிக்காவில் அலெக்சானியன் குழுவினர் 1969இல் நிலைநாட்டிய பின்னரே, இந்நோய்க்கு முறையான மாத்திரைச் சிகிச்சை அமைந்தது. அதன் பலன் வரம்புக்குட்பட்டது. நோயாளிகளில் பாதிப்பேர் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளைத் தாண்டவில்லை.

லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையின் மெக்எல்வெய்னும் பவுல்ஸும் 1983இல் மெல்ஃபலானை மிக உயர்ந்த அளவில் சிரைவழியே செலுத்தி, நோய் மறையக்கூடும் என்று காட்டினர். ஆனால் அந்த அளவு மருந்து மஜ்ஜையை வாரக்கணக்கில் முடக்கியதால், நோயாளியின் செல்களை முன்னரே எடுத்துவைத்துத் திருப்பித் தரும் உத்தி பின்தொடர்ந்தது. பிரான்சில் 200 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 1996இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகள் உயிருடன் இருந்தோர் மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் 52 விழுக்காடாகவும் வழக்கமான கீமோ பிரிவில் 12 விழுக்காடாகவும் மதிப்பிடப்பட்டனர். 2003இல் வெளிவந்த பிரிட்டிஷ் ஆய்வு, வழக்கமான கீமோவில் 42.3 மாதங்களாக இருந்த இடைநிலை ஆயுள் மாற்றுச் சிகிச்சையில் 54.1 மாதங்களாக உயர்ந்ததைக் காட்டியது.

இந்த முன்னிலை அவ்வாறே நீடிக்கவில்லை. 1999இல் தாலிடோமைடு இந்நோய்க்குப் பயன்படுவது தெரியவந்தது. தொடர்ந்து போர்டெசோமிப்பும் லெனலிடோமைடும் வந்தன. இப்புதிய மருந்துகளின் கூட்டை மட்டும் பெற்றோரையும், அதனுடன் மாற்றுச் சிகிச்சையும் பெற்றோரையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு (2017), நோய் மீண்டும் தலைதூக்காதிருந்த இடைநிலைக் காலம் முறையே 36, 50 மாதங்கள் என்றது. 2022இல் வந்த அமெரிக்க ஆய்வில் அது முறையே 46.2, 67.5 மாதங்கள். இரண்டிலும் மொத்த ஆயுளில் வேறுபாடு தென்படவில்லை. முன்பு ஆயுளையே கூட்டிய சிகிச்சை, இப்போது நோயற்ற இடைவெளியை மட்டும் நீட்டுவதாகத் தெரிகிறது. இதிலிருந்து, மாற்றுச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு, நோய் திரும்பும்போது செய்துகொள்ளலாம் என்ற கருத்து மேலைநாடுகளில் வலுப்பெற்றது.

சென்னைக்கு அக்கருத்து அப்படியே பொருந்துமா என்பது தனியே ஆராயத்தக்கது. இந்தியாவில் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை 1983இல் மும்பை டாடா நினைவு மருத்துவமனையிலும், 1986இல் வேலூர் சி.எம்.சி.யிலும் தொடங்கி, பின்னர் அடையாறு, தேனாம்பேட்டை ஆகிய பகுதிகளின் புற்றுநோய் மருத்துவமனைகளுக்கும் பரவியது. மேலைநாடுகளில் சேகரித்த செல்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பல ஆண்டுகள் பாதுகாப்பது வழக்கம். அதற்கான கருவிகளும் செலவும் எளிதில் கைகூடாத இந்திய மையங்கள் பலவும் வேறு வழியைக் கைக்கொண்டன. மெல்ஃபலான் சில மணி நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுவதால், ஓரிரு நாட்களிலேயே செல்களைத் திருப்பிச் செலுத்தலாம். அதுவரை இரத்த வங்கியின் சாதாரணக் குளிர்பெட்டியில் 4 டிகிரி செல்சியஸில் வைத்தாலே அவை உயிர்ப்புடன் இருக்கும். உறையவைக்கும்போது சேர்க்கப்படும் டிஎம்எஸ்ஓ என்ற வேதிப்பொருளால் வரும் குமட்டலும் ஒவ்வாமையும் இம்முறையில் இல்லை. இது வறுமைக்கு வகுத்த சமரசம் என்பதைவிட, மருந்தின் இயல்பை நன்கு புரிந்துகொண்டதன் விளைவு என்பதே பொருந்தும்.

ஆனால் குளிர்பெட்டியில் வைத்த செல்கள் சில நாட்களே தாங்கும். தள்ளிப்போடுதல் என்ற வழியோ, முதலிலேயே சேகரித்த செல்களைப் பல ஆண்டுகள் காப்பதையே பெரிதும் சார்ந்தது. நோய் திரும்பியபின் புதிதாகச் சேகரிக்கலாம் எனினும், நீண்டகாலம் லெனலிடோமைடு எடுத்தவர்களிடம் போதிய செல்கள் கிடைப்பது கடினமாகலாம். வசதிமிக்க நாடுகளிலும் இவ்வழி உறுதியானதாக இல்லை: பிரெஞ்சு ஆய்வில் மருந்து மட்டும் பெற்று நோய் முற்றியோரில் 79 விழுக்காட்டினர் பின்னர் மாற்றுச் சிகிச்சை பெற்றிருக்க, அமெரிக்க ஆய்வில் மருந்து மட்டும் பெற்றுப் பின் வேறு சிகிச்சைக்கு மாறியோரில் 28 விழுக்காட்டினரே அதைப் பெற்றனர்.

ஹைதராபாத் நாட்கோ போன்ற நிறுவனங்களின் மலிவுவிலைத் தயாரிப்புகளால் மருந்துச் செலவு குறைந்திருப்பது தள்ளிப்போடுவதற்கு இடமளித்தாலும், இந்தியாவில் இந்நோய் மேலைநாடுகளைவிட இளைய வயதினரையே, பெரும்பாலும் ஐம்பதுகளில், தாக்குவது அதற்கு எதிராக நிற்கிறது. அந்த வயதில் உடல் உயர் அளவு மெல்ஃபலானைத் தாங்கும். பத்தாண்டுக்குப் பின் அதே உடலோ சிறுநீரகமோ தாங்குமென்று சொல்ல இயலாது. ஆகவே உறையவைக்கும் வசதியில்லாத மையத்தில், தகுதியுள்ள நோயாளிக்கு நோய் முதன்முறை தணிந்த நிலையிலேயே மாற்றுச் சிகிச்சையை முடித்துவிடுவதற்கு மேலைநாட்டு ஆய்வுகளின் எண்கள் காட்டுவதைவிட வலுவான காரணம் இருக்கிறது.