ஆயத்தக் கோப்பின் வரலாறு



வெள்ளவத்தையிலே காலி வீதியோரத்துப் புடைவைக் கடைகளுக்குச் சென்று பழகியவர்கள், உடுப்புப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உண்டென்பதை நன்கறிவர். துணியை அளந்து வாங்கித் தையற்காரரிடம் கொடுத்துத் தைப்பிப்பது ஒரு வழி. தைத்து மடித்து வைக்கப்பட்டதை எடுத்து அன்றைக்கே அணிந்துகொள்வது மற்றொரு வழி. கணினிக்கு வேண்டிய செயலிகளைப் பெறுவதிலும் இவ்விரு வழிகளே உள்ளன. மனிதர் எழுதி மனிதர் வாசிக்கத் தக்கதாக இருக்கும் மூலநிரல், துணியைப் போன்றது. அதனை எந்திரம் விளங்கிக்கொள்ளும் வடிவிற்கு முன்கூட்டியே மாற்றித் தரும் கோப்பு, தைத்த உடுப்பைப் போன்றது. அதனை ஆயத்தக் கோப்பு என்று இப்பேச்சில் வழங்குவோம்.

படங்களையும் பொத்தான்களையும் காட்டாது, விசைப்பலகையில் எழுதும் கட்டளைக்கு மாத்திரம் மறுமொழி கூறும் செயலியைக் கட்டளை வரிச் செயலி என்பர். இத்தகைய செயலியொன்றை ஆயத்தக் கோப்பிலிருந்து நிறுவும் முறை எவ்வாறு உருவாயிற்று? அவ்வரலாற்றில் கொழும்பு மாநகருக்கு என்ன பங்கு? இவ்விரு வினாக்களையும் சிறிது ஆராய்வோம்.

கணினியின் தொடக்க காலத்தில் ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு மொழி பேசிற்று எனலாம். ஒரே நிறுவனம் செய்த இரு கணினிகளிடையே கூட, ஒன்றுக்கு எழுதிய செயலி மற்றதில் ஓடாதிருந்தது. 1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் 'சிஸ்டம் 360' என்னும் கணினிக் குடும்பத்தை அறிவித்தபோதுதான், சிறிய கணினிக்கு எழுதியது பெரிய கணினியிலும் ஓடும் என்ற நிலை பரவலாக ஏற்படத் தொடங்கிற்று. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை ஆக்கத் தலைப்பட்டனர். 1973ஆம் ஆண்டளவில் அது 'சி' மொழியிலே மீண்டும் எழுதப்பட்டது. அதன் பயனாக, மூலநிரலைக் கொண்டுசென்று வெவ்வேறு கணினிகளில் தொகுத்து இயக்குதல் கைகூடிற்று.

ஆயினும் தொகுத்தல் என்பது எல்லாருக்கும் இயலும் காரியமன்று. அதற்குத் தொகுப்பி வேண்டும். துணை நூலகங்கள் வேண்டும். பிழை நேர்ந்தவிடத்து அதனைத் திருத்தும் அறிவும் வேண்டும். செயலியைப் பயன்படுத்த விரும்பும் ஒருவர் முதலில் தையற்காரராக வேண்டியிருந்தது. இக்குறையைப் போக்கவே ஆயத்தப் பொதிகள் தோன்றின. 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் தொடங்கிய டெபியன் திட்டம் லினக்ஸ் உலகுக்கு 'டெப்' பொதியை அளித்தது. 1990களின் நடுப்பகுதியில் ரெட் ஹட் நிறுவனத்தார் 'ஆர்.பி.எம்.' பொதியை வழங்கினர். அப்பத்தாண்டு முடியுமுன் வின்டோஸ் இயங்குதளத்துக்கு 'எம்.எஸ்.ஐ.' என்னும் நிறுவற் கோப்பு வந்தது.

இங்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவாக ஒரே கோப்பை ஆக்கினால் என்ன? கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலே வட்டத் துளைகளையுடைய பிளக் பொயின்ற்றுகளைக் காணலாம். புதிய தொடர்மாடிகளில் சதுரத் துளைகளைக் காணலாம். இரண்டிலும் ஓடுவது ஒரே மின்சாரமே. எனினும் ஒன்றுக்குரிய பிளக் மற்றதில் நுழையாது. கணினியும் அவ்வாறே. செயலி என்னும் அதே உறுப்பு இரு கணினிகளில் இருப்பினும், இயங்குதளம் வேறானால் கோப்பின் அமைப்பும் வேறாக வேண்டும். வின்டோஸ் ஏற்கும் கோப்பின் முதலிரு எழுத்துக்கள் 'எம்', 'இசட்' என்பன. அவ்வமைப்பை வகுத்த மார்க் சிபிகோவ்ஸ்கி என்ற பொறியியலாளரின் தலையெழுத்துக்கள் அவை. லினக்ஸ் ஏற்கும் கோப்போ தொடக்கத்திலேயே 'ஈ', 'எல்', 'எஃப்' என்ற மூன்று எழுத்துக்களைத் தாங்கி வரும். மாக் கணினிக்கு மூன்றாவது அமைப்பொன்று உண்டு. பாமினி எழுத்துருவிலே தட்டெழுதிய கடிதத்தை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, பொருளற்ற ஆங்கில எழுத்துக்களைக் கண்டு திகைத்த நேயர்களுக்கு இதனை மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி, கொழும்புக்கு வருவோம். நெடுங்காலம் இலங்கை பெரும்பாலும் பிறர் செய்த மென்பொருளைப் பெற்றுக்கொள்ளும் நாடாக இருந்தது. பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் கணினி வாங்கியவர்கள், அதனுள் இருந்த செயலிகள் யாவும் கடல் கடந்து வந்தவை என்பதை அறிவர். இந்நிலை மெல்ல மெல்ல மாறலாயிற்று. 2003ஆம் ஆண்டில் லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன் நிறுவப்பட்டது. மூலநிரலை யாவரும் காணவும் திருத்தவும் விடும் திறந்த மூல மென்பொருள் முயற்சிகளிலே இலங்கை இளைஞரை ஈடுபடுத்துவது அதன் நோக்கமாக இருந்தது. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இத்தீவைத் தாக்கியபோது, காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருள்களையும் பதிவு செய்வதற்காகத் தொண்டர்கள் 'சகன' என்னும் மென்பொருளை எழுதினர். அது 2005ஆம் ஆண்டுப் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் பயன்பட்டது. இங்கிருந்து வெளியே சென்ற பொருள் அது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

2005ஆம் ஆண்டிலே சஞ்சீவ வீரவரணவும் போல் பிரிமன்ரலும் 'டபிள்யூ.எஸ்.ஓ.டூ.' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன் ஆக்கப் பணிகளுக்குக் கொழும்பே நடுநாயகமாயிற்று. அந்நிறுவனம் 2017ஆம் ஆண்டில் 'பலரீனா' என்னும் புதிய நிரலாக்க மொழியை உலகுக்கு அறிவித்தது. 2019 செப்டெம்பரில் அதன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. 2022 பெப்ரவரியில் 'சுவான் லேக்' எனப் பெயரிய பதிப்பு முழுமை பெற்று வெளியாயிற்று. இம்மொழியைக் கையாளும் கருவி ஒரு கட்டளை வரிச் செயலியே. ஆங்கிலத்தில் மூன்றெழுத்தாலாகிய 'பல்' என்பதே அதன் கட்டளை.

நம் பொருளுக்கு இம்மொழி சிறந்ததோர் எடுத்துக்காட்டு. பலரீனாவில் எழுதப்படுவது ஜாவா எந்திரம் என்று கூறப்படும் இடைத்தளத்துக்குரிய குறியீடாக மாறுகின்றது. 1995இல் சன் நிறுவனம் வெளியிட்ட ஜாவா, ஒருமுறை எழுதியதை எங்கும் இயக்கலாம் என்ற நம்பிக்கையைத் தந்தது. அப்படியாயின் பலரீனாவுக்கு ஒரே பொதி போதாதோ எனின், போதாது. அவ்விடைக் குறியீடு எங்கும் ஒன்றேயாயினும், அதனை இயக்கும் ஜாவா எந்திரம் ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் தனித்தனியே ஆக்கப்படல் வேண்டும். நிறுவற் பொதி அவ்வெந்திரத்தையும் தன்னுள் அடக்கி வருவதனால், வின்டோஸுக்கு ஒன்றும், மாக் கணினிக்கு ஒன்றும், டெபியன் வழிவந்த லினக்ஸுக்கு ஒன்றும், ரெட் ஹட் வழிவந்த லினக்ஸுக்கு ஒன்றுமாகப் பல பொதிகள் ஆயத்தம் செய்யப்படுகின்றன.

வெள்ளவத்தையிலே வின்டோஸ் கணினி வைத்திருக்கும் மாணவி ஒருத்தியையும், கொட்டாஞ்சேனையிலே பழைய கணினியில் உபுண்டு லினக்ஸ் இயக்கும் அவள் தோழனையும், வெளிநாட்டில் மாக் கணினி வைத்திருக்கும் அவளுடைய மாமாவையும் எண்ணிப் பார்ப்போம். மாணவி 'எம்.எஸ்.ஐ.' கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவுவாள். தோழன் 'டெப்' பொதியை நிருவாகியின் அனுமதியோடு கட்டளையிட்டு நிறுவுவான். மாமா தம் கணினியின் உறுப்பு இன்டெல் வகையினதா, ஆப்பிள் 2020ஆம் ஆண்டு முதல் வழங்கிவரும் புதிய வகையினதா என்று முதலில் பார்த்து, அதற்குரிய பொதியைத் தெரிவு செய்வார். நிறுவி முடித்ததும் மூவரும் பதிப்பெண்ணைக் கேட்கும் கட்டளையை எழுதிப் பார்த்தல் வேண்டும். எண் தோன்றினால் காரியம் முற்றுப்பெற்றது. 'கட்டளை காணப்படவில்லை' என்று விடை வந்தால், பெரும்பாலும் செயலி இல்லை என்பது பொருளன்று. அது இருக்கும் இடத்தைக் கணினி அறியவில்லை என்பதே பொருள். தேடவேண்டிய இடங்களின் பட்டியலொன்றை ஒவ்வொரு கணினியும் வைத்திருக்கின்றது. அப்பட்டியலில் புதிய இடம் சேர்ந்தபின்பு, கட்டளைச் சாளரத்தை மூடி மறுபடி திறந்தாலே மாற்றம் புலப்படும்.

நேயர்களே, இதுவரை கூறியது வசதியைப் பற்றியது. இனிக் கூறுவது நம்பிக்கையைப் பற்றியது. தைத்த உடுப்பின் உள்மடிப்பைக் கடையில் நின்று பிரித்துப் பார்ப்பார் எவருமிலர். ஆயத்தக் கோப்பின் உள்ளடக்கத்தை வாசித்தறிவாரும் அரியர். யுனிக்ஸை ஆக்கிய கென் தொம்சனே, 1984ஆம் ஆண்டில் அச்சேறிய தமது தூரிங் பரிசு உரையில், தொகுப்பியிலேயே சூது புகுத்தப்படின் மூலநிரலை வாசித்தும் பயனில்லை என்று எடுத்துக்காட்டினார். 2016 பெப்ரவரியில் லினக்ஸ் மின்ற் தளத்தினுட் புகுந்த கள்வர், மெய்யான கோப்புக்குப் பதிலாக நஞ்சூட்டிய கோப்பைப் பலர் இறக்கிக்கொள்ளும்படி செய்தனர். 2024 மார்ச்சில் 'எக்ஸ்.இசட்.' என்னும் சுருக்கற் கருவியின் வெளியீட்டுப் பொதியிலே மறைவாசல் ஒன்று இருப்பது வெளிப்பட்டது. பொதுக் களஞ்சியத்திலிருந்த மூலநிரலில் அதன் திறவுகோல் இல்லை. பொதியிலேதான் அது சேர்க்கப்பட்டிருந்தது. புகுபதிவுக்கு ஏறத்தாழ அரை நொடி கூடுதலாகச் செல்வதைக் கவனித்த அந்திரேஸ் பிராயிண்ட் என்ற பொறியியலாளரே அதனைக் கண்டுபிடித்தார்.

ஆகவே சில காவல்கள் இன்றியமையாதவை. செயலியை ஆக்கியவரின் சொந்தத் தளத்திலிருந்தோ இயங்குதளத்தாரின் களஞ்சியத்திலிருந்தோ மாத்திரம் கோப்பைப் பெறுதல் முதலாவது. கோப்போடு வெளியிடப்படும் சரிபார்ப்பெண்ணை ஒப்பிடுதல் இரண்டாவது. வழக்கிலுள்ள முறையில் இவ்வெண் 64 குறிகளைக் கொண்டது. கோப்பில் ஓரெழுத்து மாறினும் எண் முழுவதும் வேறாகிவிடும். ஆனால் கோப்பும் எண்ணும் ஒரே இடத்தில் இருப்பின், கள்வன் இரண்டையும் மாற்றிவிடலாமன்றோ? அதனாலேயே ஆக்கியோரின் இலத்திரனியற் கையொப்பத்தைச் சோதித்தல் மூன்றாவது காவலாகின்றது. இவை மூன்றும் வழியிலே கோப்பு மாற்றப்படாமையை உறுதிசெய்வன. ஆக்குமிடத்திலேயே நேரும் சூதைக் காண, ஒரே மூலநிரலிலிருந்து எவர் தொகுப்பினும் ஒரே கோப்பு வரவேண்டும் என்ற முயற்சியை 2013ஆம் ஆண்டு முதல் டெபியன் திட்டத்தார் முன்னெடுத்து வந்துள்ளனர்.

பிறர் தைத்ததை அணிந்துவந்த ஊர், இன்று பிறருக்குத் தைத்து அனுப்புகின்றது. அதனாற் பொறுப்பும் இரட்டிப்பாகின்றது. அனுப்புவோர் தம் பொதியின் நேர்மையைக் காட்டக் கடமைப்பட்டவர். பெறுவோர் அதனைச் சோதிக்கக் கடமைப்பட்டவர். நம் பிள்ளைகள் கணினியில் முதலாவது கட்டளையை எழுதப் பழகும் நாளிலேயே, இறக்கிய கோப்பைச் சரிபார்க்கவும் பழகுவாராயின், அது அவர்களுக்குப் பெரியதொரு பாதுகாப்பாகும்.