கூரைமேல் நிற்கும் துரை

மலேசியாவின் பத்து காஜாவில் கெல்லி மாளிகையைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களில் பலர், சற்றுத் தள்ளியிருக்கும் மாரியம்மன் கோயில் பக்கம் போவதே இல்லை. போனால் அதன் கூரையில் சாமி சிலைகளோடு சிலையாக, வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒரு துரை நிற்பதைப் பார்க்கலாம். வில்லியம் கெல்லி ஸ்மித், கிந்தா கெல்லாஸ் ரப்பர் தோட்டத்து முதலாளி. 1915 வாக்கில் அந்தப் பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். வேலைக்கு வந்த நம்மவர்கள் காய்ச்சல் கண்டு ஒருவர்பின் ஒருவராகச் செத்தார்கள். அம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்டார்கள், கட்டிக் கொடுத்தார். 1926இல் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார். மாளிகை அரைகுறையாக நின்றுவிட்டது.

“உலகத்தைப் படைச்சவன் யாருன்னு கேட்டா, கூலி கொடுத்தவனைக் கூரையில ஏத்திட்டாங்க” என்பார் எங்கள் தாத்தா. அந்த வட்டாரத்தில் பால் வெட்டியவர், சுயமரியாதைக்காரர். 1929 டிசம்பரில் பெரியாரும் நாகம்மையாரும் மலாயாவுக்கு வந்தபோது ஈப்போவுக்கு ரயிலேறிப் போய்ப் பேச்சைக் கேட்டிருக்கிறார். காலை ஆளெடுப்பான பெரட்டுக்கு வராததற்காக அன்றைய கூலி போயிற்று. அதற்குப் பிறகு ‘குடியரசு’ இதழ் கப்பலில் வந்து தொழிலாளர் லயத்துக்குள் நுழைந்தது. எழுத்துத் தெரிந்த ஒருவர் விளக்கடியில் வாசிக்க, தெரியாத பத்துப் பேர் கேட்டார்கள். 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கியதும் வாசிக்க இன்னொன்று கிடைத்தது.

தாத்தாவுக்கு எதிர்க்கட்சி, தோட்டத்துக் கணக்கரான யாழ்ப்பாணத்துக் கிராணி. சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரமும் அவருக்கு மனப்பாடமாம். அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, அழிகிறது. தானாகத் தோன்ற அதற்கு அறிவில்லை. ஆகவே தோற்றுவிப்பவன் ஒருவன் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் அந்த நூலில் மெய்கண்டார் வைத்த வாதம் இது. குடத்துக்குக் குயவன் வேண்டாமா என்று கிராணி கேட்பார். மண்ணைப் படைத்தது யார் என்று தாத்தா திருப்பிக் கேட்பார்.

தாத்தாவுக்குத் தெரியாத சங்கதி, சித்தாந்தமே மண்ணை யாரும் படைக்கவில்லை என்கிறது என்பதுதான். உலகின் மூலப்பொருளான மாயை அநாதி, உயிரும் அநாதி. இல்லாததிலிருந்து உலகை உண்டாக்கிய கடவுள் சைவத்தில் இல்லை. உலகுக்கு முதல் நாள் ஒன்று உண்டா என்ற கேள்வியில் கிராணியும் தாத்தாவும் எதிரெதிர் அணியே அல்ல! இருவரும் அது தெரியாமலே கடைசிவரை சண்டை போட்டார்கள்.

தமிழுக்கு இந்தச் சண்டை புதிதும் அல்ல. நீலகேசி சமண நூல். படைத்தவன் இல்லாமலே உலகம் உண்டு என்பது சமணர் கொள்கை. மணிமேகலையில் வஞ்சி நகரத்துப் பூதவாதி, பூவும் வெல்லமும் கூடினால் கள்ளில் வெறி பிறப்பதுபோல் பூதங்கள் கூடினால் உணர்வு பிறக்கும் என்கிறான். தோட்டத்துக் கள்ளுக்கடையில் அவனை வைத்துக் கொண்டாடியிருப்பார்கள்.

அறிவியலிலும் இதே கேள்வி எழுந்தது. பெரியார் ஈப்போவில் பேசிய அதே 1929இல்தான் எட்வின் ஹப்பிள், தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்கள் வேகமாக விலகுகின்றன என்ற கணக்கை வெளியிட்டார். 1931இல் ஜார்ஜ் லெமெட்ர், எல்லாம் ஒரே ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்றார். அவர் கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் இந்த விரிவையே படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது, மகிழவேண்டிய லெமெட்ர் மகிழவில்லை. அறிவியலை வேதத்துக்குச் சாட்சியாக நிறுத்த அவருக்கு விருப்பமில்லை. எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அதனால்தான்.

இப்போது பிரபஞ்சத்தின் வயதைச் சுமார் 1380 கோடி ஆண்டு என்கிறார்கள். அது விரிவு தொடங்கியதிலிருந்து எண்ணிய கணக்கு. அதற்கு முன் என்ன என்பதற்கு இயற்பியலில் இன்னும் ஒப்புக்கொள்ளப்பட்ட விடை இல்லை. கோயில் மேடையிலும் பகுத்தறிவு மேடையிலும் இந்த எண்ணைத் தம் பக்கம் இழுத்துப் பேசுகிறவர்களிடம், முதலில் மெய்கண்டாரையும் நீலகேசியையும் வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.