வில்வண்டியும் சுமைவண்டியும்

கட்டை வண்டி, வில்வண்டி என்னும் இரு பெயர்களையும் நம்மில் மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். நெல் மூட்டையும் எருவும் ஏறியது கட்டை வண்டி. அதன் மரச்சட்டம் அச்சின்மேல் நேராக அமர்ந்திருக்கும். பாதையின் மேடு பள்ளம் யாவும் அப்படியே மேலேறி வரும். வசதியுள்ள குடும்பத்தினர் கோயிலுக்கும் திருமணத்துக்கும் சென்றது வில்வண்டியில். அச்சுக்கும் கூண்டுக்கும் இடையே எஃகு வில் இருந்தமையால் அதற்கு அப்பெயர் வந்தது.

மூட்டைக்கு வில் வேண்டியதில்லை, மனிதருக்கே வேண்டும் என்பது அன்றைய கணக்கு. அம்மனிதருள்ளும் எல்லோருக்கும் அது வாய்க்கவில்லை. 1893-ஆம் ஆண்டில் திருவிதாங்கூரில் அய்யன்காளி, ஒடுக்கப்பட்டோர்க்கு மறுக்கப்பட்டிருந்த பொதுச் சாலையில் வில்வண்டி ஏறிச் சென்றதை வரலாறு ஒரு கிளர்ச்சியாகவே குறித்து வைத்திருக்கிறது. ஆகவே, உடல் அலுங்காமல் செல்வது வெறும் சொகுசு பற்றிய செய்தி அன்று. யாருடைய உடலை வண்டி மதிக்கிறது என்பது பற்றிய செய்தியாகும். அந்த நோக்கிலே, சுமை ஏற்றும் மோட்டார் வண்டியின் வரலாற்றை இங்கே சிறிது பார்ப்போம்.

ஐரோப்பாவில் நெடுங்காலம் பயண வண்டிகளின் கூண்டுகள் தோல்வார்களிலே தொங்கின. 1804-இல் லண்டன் நகரத்து வண்டித் தொழிலாளரான ஒபதையா எலியட், வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கி நீள்வட்ட வில்லாக்கி, அதனை அச்சின்மேலேயே பொருத்தும் முறையைக் கண்டு காப்புரிமை பெற்றார். முன் அச்சையும் பின் அச்சையும் இணைத்திருந்த கனத்த அடிக்கட்டை தேவையற்றதாயிற்று, வண்டியும் இலேசாயிற்று. அடுத்து வந்தது காற்று டயர். 1845-இல் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அதனைக் கண்டார், உலகம் மறந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப், தம் மகனுடைய மூன்று சக்கர மிதிவண்டிக்காக அதனை மீண்டும் கண்டார். சிறு கல்லின் அதிர்ச்சியை டயர் ஏற்பது, பெரும் பள்ளத்தின் அதிர்ச்சியை வில் ஏற்பது என்ற பங்கீடு இவ்வாறு உருவாயிற்று.

1925-இல் ஃபோர்டு கம்பெனி தன் 'மாடல் டி' காரின் பின்புறத்தில் திறந்த பெட்டி ஒன்றைப் பொருத்தி, ஆலையிலிருந்தே விற்கத் தொடங்கியது. 'பிக்கப்' எனப்படும் சிறு லாரி அமெரிக்க உழவர்களிடையே பரவியது. சுமை கூடக்கூடப் பின்வில்லின் பட்டைகளும் தடித்தன. இங்கேதான் சிக்கல் பிறந்தது.

ஒரு வில் தன்மேல் ஏறிய பாரத்தால் எவ்வளவு அமிழ்கிறதோ, அதைப் பொறுத்ததே அதன் ஆட்டத்தின் வேகம். 12 சென்டிமீட்டர் அமிழ்ந்த வில் விநாடிக்கு ஏறக்குறைய ஒன்றரை முறை ஆடும். பாரத்தில் முக்கால் பங்கை இறக்கிவிட்டால் அதே வில் 3 சென்டிமீட்டரே அமிழ்ந்து நிற்கும். ஆட்டமோ விநாடிக்கு மூன்று முறை ஆகிவிடும். முன்னது தொட்டிலாட்டம், பின்னது உலுக்கல். சுமையோடு அடங்கிச் சென்ற வண்டி வெறுமையாகத் திரும்புகையில் துள்ளுவதற்குக் காரணம் இதுவே. போதாக்குறைக்கு, அடுக்கிய பட்டைகள் ஒன்றோடொன்று உராய்ந்து பிடித்துக்கொள்வதால், சிறு குலுக்கலுக்கு வில் அசைந்தே கொடுக்காது.

இக்கலையை அறிவியலாக்கியவர்களுள் முதன்மையானவர் மாரிஸ் ஆலி என்னும் பொறியியலார். ரோல்ஸ் ராய்ஸிலிருந்து 1930-இல் ஜெனரல் மோட்டார்ஸுக்கு வந்த அவர், ஒரு காரில் எடைக்கற்களை இடம் மாற்றி மாற்றி வைத்து ஓட்டிச் சோதித்தார். பள்ளத்தில் முதலில் இறங்குவது முன்சக்கரம். பின்சக்கரம் சற்றுப் பிந்தியே இறங்கும். ஆகவே முன்வில் மென்மையாகவும் பின்வில் அதைவிடச் சற்று விரைந்து ஆடுவதாகவும் இருந்தால், இரண்டும் சேர்ந்து அடங்கி வண்டி சமமாகச் செல்லும் என்பது அவர் கண்ட உண்மை. 1934-இல் அக்கம்பெனியின் கார்களில் இரு முன்சக்கரங்களும் தனித்தனியே அசையும் அமைப்பு வந்தது.

கார் பெற்ற இவ்வரத்தைச் சுமைவண்டி பெறக் கால் நூற்றாண்டு சென்றது. 1960-இல் செவ்ரோலே பிக்கப்பின் முன்சக்கரங்கள் தனித்தனியே அசையலாயின. மிகு பாரம் சுமக்கும் வகைகளோ இன்னும் காத்திருந்தன. ஃபோர்டின் நாற்சக்கர உந்து 'சூப்பர் டூட்டி' வண்டிகளின் முன்புறத்தில் பட்டைவில் போய்ச் சுருள்வில் வந்தது 2005-ஆம் ஆண்டு மாதிரியில்தான். 'ராம் 2500' வண்டி பின்புறத்திலும் சுருள்வில் பெற்றது 2014-ஆம் ஆண்டு மாதிரியில். பட்டைகளின் உராய்வு சுருளில் இல்லை என்பதே அதன் நன்மை.

பாரத்துக்கேற்பத் தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும் வில்லும் உண்டு. அது காற்று வில். சுமை ஏறினால் அதனுள் காற்றழுத்தம் கூடும், இறங்கினால் குறையும், ஆட்டத்தின் வேகம் பெரிதும் மாறாது. 1953-இல் அமெரிக்க நெடுந்தூரப் பஸ்களில் இடம்பெற்ற இம்முறை, பிறகு லாரிகளுக்கும் வந்தது.

இவற்றால் ஆகும் பயன் என்ன? அமர்ந்திருக்கும் மனித உடலை விநாடிக்கு 4 முதல் 8 வரையிலான அதிர்வுகளே மிகுதியும் வருத்துகின்றன என்று ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆண்டுக்கணக்கில் இவ்வதிர்வை ஏற்பவர்க்கு இடுப்பு வலி தொழில் நோயாகிறது. தொழிலாளி ஒரு நாளில் ஏற்கத்தக்க அதிர்வுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் சட்ட வரம்பே விதித்தது.

புது வண்டி வாங்க இயலாதோரும் சில செய்யலாம். சுமைக்குத் தக்கபடி, தயாரிப்பாளர் குறித்த அளவிலே டயருக்குக் காற்று அடைத்தல். தேய்ந்த புஷ்களையும் ஓய்ந்துபோன ஷாக் அப்சார்பர்களையும் மாற்றுதல். ஓட்டுநர் இருக்கைக்கே தனி வில் அமைத்தல் ஆகியவை பயன் தருவன. அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுவதற்கென்று பட்டறையில் கூடுதல் பட்டை சேர்ப்பதோ, வண்டியின் வருமானத்தை ஓட்டுநரின் முதுகெலும்பிலிருந்து எடுப்பதாகும்.

வடமாநில நெடுஞ்சாலைகளில் நாமக்கல், திருச்செங்கோடு என்ற ஊர்ப்பெயர் எழுதிய லாரியைக் கண்டு நம் மனம் மகிழாத நாள் உண்டா? நம் ஊர்ப்புறத்துப் பட்டறைகளில் கூடு கட்டப்பெற்று, பல நாள் ஓடி அவ்வண்டி வந்திருக்கும். அதன் சரக்குக்கு வில் உண்டு. அதை ஓட்டிவந்த நம்மவருக்கும் உண்டா என்று ஒரு வார்த்தை கேட்போம். கட்டை வண்டியையும் வில்வண்டியையும் பிரித்து வைத்த பழைய கணக்கு அந்தக் கேள்வியிலேதான் தீரும்.