வந்தவர்க்கு மருத்துவம்: ஜெரஜாக் தீவும் அதற்குப் பின்னும்

பினாங்குத் தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஜெரஜாக் என்னும் சிறு தீவு கிடக்கிறது. 1870களில் ஆங்கில ஆட்சி அங்கே தொற்றுத்தடுப்பு நிலையம் ஒன்றை அமைத்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிய தமிழ்த் தொழிலாளர் பலர் மலாயாவில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் அதுவே. பெரியம்மையும் வாந்திபேதியும் கப்பலோடு வந்து இறங்கும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். அது வீண் அச்சமும் அன்று. வந்தவர்க்கு அம்மை குத்தினர். நாள்கணக்கில் காக்க வைத்தனர். நோயில்லை என்று கண்ட பின்னரே தோட்டத்துக்கு அனுப்பினர்.

இவ்வேற்பாடு ஒரே வினாவுக்கு விடையாக அமைந்தது: வருபவரால் நாட்டுக்கு என்ன தீங்கு? வருபவர்க்கு இந்நாட்டில் என்ன தீங்கு நேரும் என்னும் மறுவினாவை அக்காலத்தில் கேட்டோர் சிலரே. அவர்களுள் ஒருவர் மருத்துவர் மால்கம் வாட்சன். 1901 முதல் கிள்ளானிலும் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலும் சதுப்பு நீரை வடியச் செய்து மலேரியாவைக் குறைத்துக் காட்டியவர் அவர். குன்றுப் பகுதிகளில் காட்டை அழித்து இரப்பர் நட்டபோது, வெயில் படாதிருந்த ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும் கொசுவினம் அங்கே பெருகியது. நலமாக இருக்கிறார் எனச் சான்று பெற்று வந்த ஆள் நோயுற்றது இந்த மண்ணிலேதான். வரலாற்று நூல்கள் தொற்றுத்தடுப்பு நிலையங்களுக்குத் தரும் இடத்தை இவ்வுண்மைக்குத் தருவதில்லை என்பது நம் குறை.

பின்னாளில் மறுவினா வேறொரு வாசல் வழியாக வந்தது. 1997இன் ஆசியப் பண நெருக்கடியில் உள்நாட்டு நோயாளர் தனியார் மருத்துவமனைகளை விட்டு அரசு மருத்துவமனைகளை நாடினர். காலியான கட்டில்களுக்கு அயல்நாட்டு நோயாளர் தேவைப்பட்டனர். மருத்துவப் பயணத்தை ஊக்குவிப்பது அரசின் கொள்கையாயிற்று. 2009இல் அதற்கென மலேசிய சுகாதாரப் பயண மன்றம் உருவாயிற்று. மலாக்கா நீரிணைக்கு அப்பாலுள்ள மேடானிலிருந்து பினாங்குக்கு வந்து செல்லும் நோயாளர் கூட்டம் இக்கதையின் பெரும்பகுதி.

தரத்துக்கான ஏற்பாடுகள் எவை? தனியார் மருத்துவ வசதிகள் பற்றிய 1998ஆம் ஆண்டுச் சட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. உரிமம் பெறாமல் மருத்துவமனை நடத்த முடியாது. நோயாளர் முறையீட்டைக் கேட்க வழிவகை இருத்தல் வேண்டும். மருத்துவர் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு. அறை வாடகையும் மருந்து விலையும் அவ்வரம்புக்குள் அடங்கா என்பதை வருபவர் அறிந்திருப்பது நலம். சட்டத்துக்கு மேலாக, 1997இல் தோன்றிய உள்நாட்டுத் தரமதிப்பீட்டு அமைப்பும், ஜே.சி.ஐ. என்னும் அனைத்துலக அமைப்பும் நற்சான்று தருகின்றன. ஜே.சி.ஐ.யின் நோயாளர் பாதுகாப்பு இலக்குகளில் முதலாவது, நோயாளியைச் சரியாக அடையாளம் காண்பது. இரண்டாவது, தெளிவான தகவல் பரிமாற்றம். அறுவைச் சிகிச்சை பற்றிய இலக்குக்கு முன்னரே மொழி வந்து நிற்பது மொழியியலார்க்கு வியப்பன்று.

மேடான் நோயாளியும் பினாங்குத் தாதியும் ஒரே மொழி பேசுகின்றனர் என்று எளிதில் நினைத்துவிடுகிறோம். மலேசியாவில் 'பெர்ச்சுமா' என்றால் இலவசம். இந்தோனேசியாவில் அதே சொல் 'பயனில்லை' என்று பொருள்படும். இலவசச் சிகிச்சை என்னும் அறிவிப்பு அந்நாட்டவர்க்குப் பயனற்ற சிகிச்சையாகப் படும். இது நகைத்துக் கடந்துவிடத்தக்கது. 'பூசிங்' அப்படியன்று: இந்தோனேசியர்க்கு அது தலைவலி, தலைச்சுற்றல், மலேசியர்க்குத் திரும்புதல், சுற்றுதல். 'ஆங்கின் டூடுக்' என்னும் இந்தோனேசிய வழக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உட்கார்ந்த காற்று' என்றாகும். கேட்பவர் வாயுத்தொல்லை என எண்ணக்கூடும். அந்நாட்டு மக்களோ இதயத்துக்குப் போதிய குருதி செல்லாமையால் வரும் நெஞ்சுவலியை அப்பெயரால் குறிக்கின்றனர். நம் 'மயக்கம்' மட்டும் என்ன? தலைச்சுற்றல், நினைவிழத்தல், தூக்கக் கலக்கம் ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். மருத்துவர்க்கு அவை மூன்று வெவ்வேறு ஐயங்கள்.

மருத்துவப் பயணிக்கு இவ்விடரைத் தீர்க்கப் பெரிய மருத்துவமனைகள் அயல்நாட்டு நோயாளர் பிரிவு வைத்துள்ளன. ஆயினும் நாட்டுக்கு வருபவர் அவர் ஒருவர் மட்டுமல்லர். வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் வேலைக்கு வருபவர்க்கு 1997 முதல் ஃபொமேமா மருத்துவப் பரிசோதனை நடக்கிறது. காசநோய் முதலியன கண்டறியப்பட்டால் வேலை அனுமதி கிடைக்காது. இதில் ஜெரஜாக்கின் பழைய வினா உயிரோடிருக்கிறது. 2011இல் அவர்களுக்கு மருத்துவமனைக் காப்புறுதி கட்டாயமாக்கப்பட்டது, மறுவினாவுக்கு ஒரு விடையாக. ஆனால் அத்தொழிலாளி நோயுற்று மருத்துவர் முன் அமரும்போது அவருக்காகப் பேசுபவர் யார்? பல வேளைகளில் முதலாளியின் ஆளே பேசுகிறார். 'எத்தனை நாளாக வலிக்கிறது?' என்னும் கேள்விக்கு, விடுப்புக் கொடுக்க வேண்டியவர் பக்கத்திலிருந்து விடை வருகிறது. தோட்டக் காலத்தில் நம் பாட்டன்மார்க்காகக் கங்காணி பேசிய நிலையும் இதுவே. நோயாளி சொன்னதில் எவ்வளவு மருந்து கொடுப்பவர் காதுக்கு எட்டியது என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை.

ஒப்புதல் படிவங்களை நோயாளி அறிந்த மொழியில் விளக்க வேண்டும் என்பது நற்சான்று அமைப்புகளின் விதி. அவ்விதியை நற்சான்று பெற்ற மருத்துவமனைகளோடு நிறுத்திவிடாமல், பெரும்பாலான அயல்தொழிலாளர் செல்லும் சிறு கிளினிக்குகளுக்கும் நீட்ட வேண்டும் என்று கேட்கிறோம். முதலாளியின் ஆளல்லாத ஒருவர், தொலைபேசி வழியாகவேனும், மொழிபெயர்க்கட்டும். வங்காளமும் நேப்பாளியும் அறிந்தோர் இந்நாட்டில் பல்லாயிரவர் உள்ளனர்.