மூன்று ஸ்டார்ட்டர் மோட்டர்களும் ஒரு ஏர்த் வயரும்

எங்கள் வீட்டுக் கெப்புக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பழைய டீசல் வண்டி. விடியப்புறம் மீன் ஏற்றும். இரவில் ஊரில் யாருக்கும் நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதுதான். இரண்டு வருடத்துக்குள் மூன்று ஸ்டார்ட்டர் மோட்டர் மாற்றினோம். மூன்றாவது, ஒரு நடுச்சாமத்தில் "டிக்" என்ற ஒரு சத்தத்தோடு நின்றுவிட்டது. உள்ளே பிரசவ வலியோடு அயல்வீட்டுப் பிள்ளை. பதினொரு பேர் தள்ளித்தான் எஞ்சின் பிடித்தது. தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ்.

நான்காவது மோட்டர் வாங்கப் போகாமல், இந்தச் சாமான் எப்படி உண்டானது என்று வாசிக்கத் தொடங்கினோம். வாத்தியார் புத்தி வேறெங்கே போகும்!

முன்பெல்லாம் எஞ்சினைக் கிராங்க் கம்பியால்தான் சுற்ற வேண்டும். மொரிஸ் மைனர் வைத்திருந்த எங்கள் பெரியவர்களுக்கு அந்தக் கம்பி நல்ல பழக்கம். பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துப் பிடிக்கச் சொல்லுவார் வாப்பா. பெற்றோல் நேரத்துக்கு முந்திப் பற்றினால் எஞ்சின் பின்பக்கம் உதைக்கும், கம்பி திரும்பி வந்து கையை முறிக்கும். ஆரம்ப காலத்தில் இப்படிக் கை முறிந்தவர்கள் கொஞ்சப் பேரல்ல.

மின்மோட்டரால் சுற்றலாமே என்ற யோசனை அப்போதே பலருக்கு இருந்தது. ஆனால் அவ்வளவு பலமுள்ள மோட்டர் எஞ்சின் அளவுக்குப் பெருத்துவிடும் என்று பொறியியலாளர்கள் கணக்குப் போட்டார்கள். மோட்டர் நாள் முழுக்க ஓடவேண்டுமென்றால் அந்தக் கணக்கு சரிதான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சார்ள்ஸ் கெட்டரிங் என்றொருவர். 1876இல் பிறந்தவர், பார்வைக் குறைபாடு உள்ளவர். பல்கலைக்கழகம் போவதற்கு முன் கிராமத்துப் பாடசாலையில் ஆசிரியராக இருந்தவர் என்பதை வாசித்தபோது எங்களுக்கு ஒரு சின்னப் பெருமை. பிறகு காசுப் பதிவு இயந்திரக் கம்பனியில் சேர்ந்து, கையால் இயக்கிய அந்த இயந்திரத்துக்கு மின்மோட்டர் பொருத்தினார். அந்த மோட்டர் ஒரு கணம் மட்டும் வேலை செய்தால் போதும். பெரும் மின்னோட்டத்தைச் சில விநாடிகள் மட்டும் செலுத்தினால் சின்ன மோட்டரும் பெரிய சுமையைச் சுழற்றும் என்பதை அங்கே கண்டவர், அதையே காருக்கும் கொண்டுவந்தார். கடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லேலண்ட் அதை ஏற்றார். 1912 மொடல் கடிலாக் கிராங்க் இல்லாமல் ஸ்டார்ட் ஆனது. ஃபோர்டின் மொடல் டீக்கு இந்த வசதி வர 1919 ஆயிற்று.

எங்கள் வண்டியின் நோயும் அந்தச் "சில விநாடிகள்" என்பதற்குள்தான் கிடந்தது. டீசல் எஞ்சினைச் சுற்ற 200 அம்பியருக்கு மேல் ஓடும். தரம் 11 பிள்ளைகளுக்கு நாங்களே படிப்பிக்கும் ஓமின் விதிதான்: வழியில் 0.01 ஓம் தடை இருந்தால் 200 அம்பியருக்கு 2 வோல்ட் அங்கேயே போய்விடும். அரை அம்பியர் எடுக்கும் சின்ன பல்புக்கு அதே தடை ஒன்றுமேயில்லை. அதனால்தான் பல்பு பளிச்சென்று எரிய, ஹோர்ன் அலற, "பற்றரி நல்லம், மோட்டர்தான் போயிருக்கு" என்று எல்லாரும் சொன்னோம்.

கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, காக்காவைச் சாவி திருப்பச் சொன்னோம். மல்டிமீற்றரின் ஒரு முனை பற்றரியின் நெகட்டிவ் முனையில், மற்றது எஞ்சின் இரும்பில். அரை வோல்ட்டுக்குக் கீழே இருக்கவேண்டும். 2.3 காட்டியது! எஞ்சினுக்குப் போகும் தடித்த ஏர்த் வயரின் உறையைக் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைக் களிம்பு. கடற்கரைக் காற்றும் மீன் தண்ணீரும் செய்த வேலை. எஞ்சின் இறப்பர் மவுண்டில் இருப்பதால் மின்னோட்டம் திரும்ப வேறு நல்ல வழியும் இல்லை.

மோட்டர் மாற்றித் தந்த பாஸை நாங்கள் குறை சொல்லவில்லை. கழற்றிய ஒவ்வொன்றும் உண்மையாகவே கருகியிருந்தது. வோல்ட் குறைந்தால் சொலனோய்ட் பிடிமானம் இல்லாமல் துடிக்கும், அதன் செம்புத் தொடுகைகள் பொறி பறந்து எரியும். எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதால் நாங்களும் சாவியை விடாமல் பிடிப்போம். சில விநாடிக்கென்று செய்த மோட்டர் அரை நிமிடம் உழைத்தால் பிரஷ்ஷும் ஆர்மேச்சரும் என்னாகும்? போதாததற்கு இரண்டு குளோ பிளக்கும் செத்திருந்தன.

புது ஏர்த் வயர், இரண்டு குளோ பிளக், தொடுகைகள் மாற்றிய அதே மூன்றாவது மோட்டர். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. இப்போது மாதமொருமுறை பற்றரி முனைகளைச் சுரண்டிக் கிறீஸ் பூசுகிறோம். பத்து விநாடிக்குள் பிடிக்காவிட்டால் சாவியை விட்டு ஒரு நிமிடம் பொறுக்கிறோம். காக்காவுக்குத்தான் அந்த ஒரு நிமிடம் இன்னும் கஷ்டம்.

பழைய மொரிஸின் கிராங்க் கம்பி யார் வீட்டிலாவது கிடந்தால் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட வகுப்புக்குக் கொண்டுபோக வேண்டும்.