ஓட்டமும் ஊன்றலும்: கரிசல் குடியேற்றத்துக்குக் ‘கோபல்ல கிராமம்’ சான்றாகுமா?

சிவகிரியிலிருந்து கிழக்கே குருவிகுளம் பக்கம் போகப் போக மண்ணின் நிறம் மாறுகிறது. மேற்கே மலைத்தண்ணீர், குளத்து நெல். கிழக்கே மானாவாரிக் கரிசல். இவ்வட்டாரத்தின் நினைவிடங்களோ வாளெடுத்தவர்களுக்கானவை: நெற்கட்டும்செவலில் பூலித்தேவன் மாளிகை, பாஞ்சாலங்குறிச்சியில் 1974இல் எழுந்த கோட்டை. காடு திருத்தியவர்களின் கலப்பைக்கு அங்கே இடமில்லை. கனடாவின் புல்வெளிச் சிற்றூர்களில் அந்தக் கலப்பைக்காகவே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். கோவில்பட்டியில் 2022இல் திறக்கப்பட்ட கி. ராஜநாராயணன் நினைவரங்கம் எழுத்தாளருக்கானது. அவர் எழுதிய குடிகளுக்கும் அதை விரிப்பதானால் எதைச் சான்றாகக் கொள்வது?

1976இல் வந்த அவருடைய ‘கோபல்ல கிராமம்’ நாவலைக் குடியேற்ற வரலாறாக வாசிப்பவர்கள் பெரும்பாலும் அதன் ஓட்டக் கதையையே பிடித்துக்கொள்கிறார்கள். அழகியொருத்தியின் மேல் அரசன் கண் வைக்கிறான். குடும்பங்கள் தெலுங்கு நாட்டைவிட்டு இரவோடிரவாகத் தெற்கே ஓடி வருகின்றன. இதை நாயக்கர் ஆட்சித் தொடக்கத்தோடு முடிச்சுப் போடுவது வழக்கம். அந்த முடிச்சு நிற்காது என்றே கருதுகிறேன். 137 வயது மங்கத்தாயாரு அம்மாளின் நினைவில்தான் கதை நிற்கிறது. கும்பினியாட்சி போய் ராணியாட்சி வரும் காலத்தை ஒட்டி நாவல் முடிகிறது. 1858இலிருந்து 137ஐக் கழித்தால் 1721. ஓட்டத்தை அவள் கண்டாள் என்றாலும், அவள் பாட்டி கண்டு சொன்னாள் என்றாலும், மதுரையில் நாயக்கர் ஆட்சியைத் தொடங்கிய விசுவநாத நாயக்கரின் 1529 எட்டாது. புனைவில் வரும் வயதை வைத்துக் கணக்குப் போடலாமா என்று கேட்பது நியாயம்தான். ஆனால் அதே புனைவிலிருந்து நாயக்கர் காலத்தை உருவியவர்கள் அதைக் கேட்க முடியாது.

இதைவிட வலுவான காரணம் வேறு. இதே எலும்புக்கூட்டுக் கதையை, ஆற்றைக் கடக்க மரங்கள் வளைந்து கொடுத்ததையும் சேர்த்து, இனவரைவியலாளர் எட்கர் தர்ஸ்டன் 1909இலேயே தொட்டிய நாயக்கர் மரபாகப் பதிந்திருக்கிறார். பல குடிகள் பல ஊர்களில் சொல்லும் கதை அது. எங்கும் பொருந்தும் கதை இந்த மண்ணைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மண்ணைப் பற்றிச் சொல்லும் பக்கங்கள் ஓட்டம் முடிந்த பிறகே வருகின்றன: காட்டுக்குத் தீ வைத்தது, எரிந்த நிலத்தைத் திருத்தியது, வீடும் விதைப்பும் நிலைத்தது. இவற்றுக்கு வெளிச்சாட்சி உண்டு. கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதியை நான் இந்நாவலின் பொருட்பட்டியலாகவே வாசிக்கிறேன். கமலை, கூனை, வடம், குலுக்கை என்று வழங்கும் சொற்களுக்குப் பின்னால் கையால் தொடக்கூடிய பொருள் இருக்கிறது. குலுக்கையையே பாருங்கள். மண்ணைக் குழைத்து உறை மேல் உறையாக ஆளுயரத்துக்கு ஏற்றி வனைந்த தானியக் குதிர் அது. கம்பையும் சோளத்தையும் மேல்வாய் வழியே கொட்டுவார்கள். அடியிலிருக்கும் துளையில் அடைத்த துணியை உருவினால் வேண்டிய அளவு சரியும். வீட்டுக்குள்ளேயே வனைந்து நிறுத்தும் இந்தப் பாண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. குலுக்கை வைத்த குடி ஊன்றிவிட்ட குடி. மழை பொய்க்கும் ஆண்டையும் எண்ணிப் பார்த்து வைத்த பாத்திரம் அது.

நாவல் ஆவணமாகாது என்பார்கள். பாளையக்காரர் வம்சாவளிகள் மட்டும் என்ன? உரிமை கோர எழுதியவற்றை ஆவணமென்று ஏற்றுக்கொண்டுதானே வேலை செய்கிறோம்.

ஒரு குறையை மறைக்கலாகாது. ‘வெறுங்காடு’ என்பது வந்தவர்கள் சொல்லும் சொல். அந்தக் காட்டில் ஏற்கெனவே ஆடு மேய்த்தவர்களும் காவல் உரிமை கொண்டாடியவர்களும் இருந்தார்கள். நாவல் குடியேறியவர்களின் வாயாலேயே பேசுகிறது. நினைவரங்கமும் அதை அப்படியே ஒப்பித்தால் சிவகிரி மறவர்கள் அங்கே திருடர்களாக மட்டுமே தெரிவார்கள். ஆகவே கலப்பைக்குப் பக்கத்தில் காவல்காரனின் கம்பும் இருந்தாக வேண்டும்.

பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் போடும்போது முதலில் உடைவது குலுக்கைதான். குருவிகுளம், கோவில்பட்டிப் பக்கத்து வாசகர் வீட்டில் ஒன்று முழுசாக நின்றால், கடப்பாரை எடுக்கும் முன் உயரம், மேல்வாய், அடித்துளை மூன்றையும் அளந்து, வனைந்தவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.